ஒறம்பரை

பெரிய வியாழனன்று
பீடத்துக்கு முன்னால் போட்ட பன்னிரண்டு நாற்காலிகளில்
ஏழாவது என்னுடையது.
வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து
நகம் வெட்டி
மதலேன் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் தடவி அனுப்பிய கால்.
சாமியார் குனிந்து நீர் ஊற்றினார்.
கழுவ அதில் ஒன்றுமில்லை.

பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை.
ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம்,
விரல் பட்டாலே தெரியும்.
பிரின்ட் போட்ட துணி வேறு,
நூலிலேயே சாயம் ஏற்றின துணி வேறு.
முன்னது பார்க்கப் பளிச்சென்றிருக்கும்,
நாலாவது சலவையில் செதில் செதிலாய் உரியும்.
இருபத்தாறு வருஷம் இதைச் சொல்லிச் சொல்லிப் பீஸ் ஒதுக்கியவன்
ஞாயிறு தவறாமல்
இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில்
பூசைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்த புதனன்று
லைன் வீட்டின் கடைசி அறைப் பையன்
சாயப்பட்டறையில் வழுக்கி
கொதிதண்ணீர்த் தொட்டியோரம் விழுந்தான்.
கூட்டாளிகள் ஷிப்டில். மேஸ்திரி போனை எடுக்கவில்லை.
ஆட்டோவில் நான் ஏறியது
வேறு யாரும் ஏறாததால்தான்.
இதைப் புண்ணியக் கணக்கில் எழுத வேண்டாம்.

திருப்பூர்ப் பெரியாஸ்பத்திரியில் படிவம் நீட்டினார்கள்.
பெயர்: தீனபந்து நாயக்.
ஊர்: ஒடிசாவில் ஏதோ; இரண்டு முறை முனகிச் சொல்லியும்
என் கைக்கு எழுத்து வரவில்லை.
நோயாளிக்கு என்ன உறவு:
பேனா அங்கே நின்றது.

"தெரிஞ்சவருங்களா?" என்றார் துளசிமணி சிஸ்டர்.
தெரியாதுங்க.
"கம்பெனிங்களா?"
இல்லீங்க.
"பின்ன என்னன்னுதான் போடறதுங்?"
வரிசை முணுமுணுத்தது.
வாயில் வந்ததைச் சொன்னேன்:
"ஒறம்பரைன்னு போடுங்க."
சிரித்துவிட்டார். எங்கள் பக்கத்தில்
வாசலுக்கு வந்தவரும் அதுதான்,
ரத்தத்தில் வந்தவரும் அதுதான்.
இரண்டில் எதுவென்று அவர் கேட்கவில்லை.

பதினேழு இரவு.
முதல் இரவு பெட்பேன் வைக்கத் தெரியாமல்
படுக்கையெல்லாம் பாழாக்கினேன்.
இரண்டாம் இரவு குமட்டி வராந்தாவுக்கு ஓடினேன்.
ரசஞ்சோறு அவனுக்கு இறங்கவில்லை,
மதலேன் கட்டி அனுப்பியதையெல்லாம் நானே தின்றேன்.
சம்பளத்தில் நாலு நாள் பிடித்தார்கள்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
பாத்திரங்கள் சொல்லின.

கட்டுப் போடாத கால் ஒன்றுதான் கழுவக் கிடைத்தது.
பாதம் முழுக்க நீலம்,
நகக்கண்ணில் கறுத்துப்போன நீலம்,
வெடிப்புக்குள் ஊதா.
சிவப்பு வாளியில் முக்கித் தேய்த்தேன்.
தண்ணீர் நிறம் மாறவில்லை.
மறுபடி தேய்த்தேன்.
"போகாது அண்ணா" என்றான்,
அவனிடம் இருந்த பத்துப் பதினைந்து தமிழ்ச் சொற்களில்
இரண்டைச் செலவழித்து.
போகாதுதான்.
நொய்யலிலிருந்தே போகவில்லை.
அந்தப் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு
மேஜையில் துணி பார்ப்பதுபோல் பார்த்தேன்,
வெகுநேரம்,
ஒதுக்க ஒன்றும் அகப்படாமல்.

தேறினான். நொண்டியபடி ரயிலேறிப் போனான்.
சொல்லாமல்தான் போனான்.
வருத்தமில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

இந்த வருஷமும் ஏழாவது நாற்காலிக்கு
ஆள் விட்டுக் கேட்டார் சாமியார்.
நைட் இருக்குதுங்க என்றேன்.
எங்கள் கம்பெனியில் நைட் கிடையாதென்று
அவருக்குத் தெரியும்.
சரி என்று மட்டும் சொல்லியனுப்பினார்.

நேற்றிரவு பதினொன்றேகாலுக்குப் போன்.
"உங்களுக்கு ஒறம்பரை வந்திருக்குதுங்."
யாருங்க சிஸ்டர்?
"தெரியலீங். பேசற நெலமையில இல்ல."

மதலேன் எழுந்து விளக்கைப் போட்டாள்.
ரசம் வேண்டாம் என்றேன்.
"தெரியும்" என்று
பிளாஸ்க்கில் கஞ்சி ஊற்றத் தொடங்கினாள்.
இருட்டுக் கொடியில் சட்டை தேடினேன்.
கைக்கு வந்தது நானே என்றோ ஒதுக்கிய பனியன்,
தோளில் சின்ன ஓட்டை.
சாயம் எத்தனை சலவை தாங்குமோ
தெரியாது.
போட்டுக்கொண்டேன்.